சின்ன மீன் போதும், மகளே

நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று நீ சொன்ன அன்றே உன் வீட்டில் ஆளுக்கொரு பட்டியல் போட்டுவிட்டார்கள். நண்டு ஆகாது, கணவாய் சூடு, பேசாமல் மீனையே விட்டுவிடு என்கிறார்கள் சிலர். சுறாவும் வஞ்சிரமும் தின்றால்தான் பிள்ளை கொழுகொழுவென்று பிறக்கும் என்கிறார்கள் வேறு சிலர். நான் மன்னார் வளைகுடாக் கரை ஊர்களில் செவிலியாக வேலை பார்த்தவள், மீன் விற்ற தாய்க்குப் பிறந்தவள். இந்த இரண்டு பேச்சையும் கேட்டுக்கேட்டே நரைத்திருக்கிறேன். சொல்கிறவர்கள் எல்லாரும் உன்மேல் உள்ள பிரியத்தில்தான் சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்ததையும் கேட்டுக்கொள். உன்னைப் பார்க்கும் மருத்துவர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதையே கேள். உன் உடம்பைத் தொட்டுப் பார்க்கிறவர் அவர்.

1. பயத்தில் மீனை விட்டுவிடாதே. பாதரசம், ஃபார்மலின் என்று எதையோ செய்தியில் கேட்டுவிட்டு மீன் சட்டியைக் கவிழ்த்து வைத்த பெண்களை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருத்திக்குக் கடலைப் பார்த்த வீடு, கணவன் வள்ளத்தில் போகிறவன். அவளோ ரசமும் சோறும் அப்பளமுமாகவே மாதங்களை ஓட்டினாள். மீனை விட்டவள் அந்த இடத்தில் முட்டையோ பருப்போ சேர்க்கவுமில்லை. ஐந்தாம் மாதத்தில் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் வெளிறிக் கிடந்தது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. அது தாயின் பாடு. பிள்ளையின் மூளையும் விழித்திரையும் வளர ஒமேகா-3 கொழுப்பு வேண்டும். அதில் டிஹெச்ஏ என்ற வகை கடைசி மூன்று மாதத்தில்தான் பிள்ளையின் மூளையில் மளமளவென்று சேரும். அது மீனில் இருக்கிற அளவுக்கு நம் அடுக்களையில் வேறு எதிலும் இல்லை. பிரிட்டனில் ஏவன் பகுதியில் 11,000-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளைக் கவனித்து, அவர்கள் பிள்ளைகளையும் வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்து, 2007-இல் லான்செட் இதழில் எழுதினார்கள். வாரத்துக்கு 340 கிராமுக்குக் குறைவாக மீன் தின்ற தாய்மாரின் பிள்ளைகள்தாம் எட்டு வயதில் சொல்திறன் சோதனையில் பின்தங்கும் வாய்ப்பு அதிகம் என்று அதில் கண்டார்கள். பயந்து ஒதுங்குவதற்கும் ஒரு விலை உண்டு, அதைப் பிள்ளை கொடுக்கிறது.

2. சின்ன மீன் தின்ன வெட்கப்படாதே. நம்மவர்களுக்கு மீனிலும் அந்தஸ்து உண்டு. விருந்தாளி வந்தால் வஞ்சிரத் துண்டு, யாரும் வராத நாளில் சாளை. மாசமாக இருக்கிற மருமகளுக்குக் கூறு முப்பதோ ஐம்பதோ கொடுத்து வாங்கிய சாளையா போடுவது என்று கூச்சப்பட்டு, கடன் வாங்கிப் பெரிய மீன் வெட்டிக்கொண்டு வந்த மாமியாரை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் கடலின் கணக்கு வேறு. தண்ணீரில் கலக்கும் பாதரசத்தை அடிச்சேற்றில் வாழும் நுண்ணுயிரிகள் மெதில் பாதரசமாக மாற்றிவிடும். பாசியிலிருந்து சின்ன உயிருக்கும், அதைத் தின்னும் சின்ன மீனுக்கும், அதை விழுங்கும் பெரிய மீனுக்கும் அது ஏறிக்கொண்டே போகும். ஏறுகிற ஒவ்வொரு படியிலும் கூடும். கொஞ்ச காலமே வாழ்கிற நெத்திலியிடமும் சாளையிடமும் அது அதிகம் சேர்வதற்கு நேரம் கிடையாது. பல வருடம் வேட்டையாடித் தின்று கொழுத்த சுறாவிடம் சேர்ந்து கிடக்கும். மஞ்சள் போட்டுக் கழுவினாலும் போகாது, புளி ஊற்றிக் கொதிக்கவிட்டாலும் போகாது. சதையின் புரதத்தோடு ஒட்டிக்கொண்ட நஞ்சு அது.

அது என்ன செய்யும் என்பதை உலகம் ஜப்பானில் மினமாட்டா என்ற ஊரில் கற்றது. அங்கே ஓர் இரசாயனத் தொழிற்சாலை வருடக்கணக்கில் பாதரசக் கழிவை விரிகுடாவில் விட்டது. அந்த விரிகுடா மீனைத் தின்றவர்களுக்கு வந்த நோய் 1956-இல்தான் அதிகாரபூர்வமாகக் கண்டறியப்பட்டது. எனக்கு இன்றும் நெஞ்சைப் பிசைவது என்ன தெரியுமா? பெரிதாக ஒரு நோவும் தெரியாமல் நடமாடிய தாய்மாருக்குக் கை கால் முறுக்கிய, பேச வராத பிள்ளைகள் பிறந்தன. தாயின் ரத்தத்தில் இருப்பதைவிடத் தொப்புள்கொடி ரத்தத்தில் மெதில் பாதரசம் கூடுதலாக இருக்கும். அந்த ஊரில் பிள்ளையின் தொப்புள்கொடியைக் காயவைத்துப் பெட்டியில் பத்திரமாக வைப்பார்கள். பிற்காலத்தில் மசஸூமி ஹராதா என்ற மருத்துவர் அந்தக் கொடிகளைச் சோதிக்கச் செய்தபோது பாதரசம் அதிலேயே இருந்தது. நம் கடல் மினமாட்டா ஆகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. தாய்க்குத் தெரியாமலே பிள்ளைக்குப் போய்ச் சேரும் பொருள் இது என்று நீ அறிந்திருக்க வேண்டும், அதற்காகத்தான் சொன்னேன்.

ஆகவே சாளை, சூடை, நெத்திலி, அயிலை, காரல், இறால், கணவாய், நண்டு என்று மாற்றிமாற்றித் தின்னு. கடலுக்குத் தூரமாக இருந்தால் விரால், கட்லா, ரோகு. ஒரு வேளைக்கு உன் உள்ளங்கை அளவு. வாரத்துக்கு இரண்டு மூன்று வேளை, மொத்தம் 225 முதல் 340 கிராம் வரை என்பது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் கர்ப்பிணிகளுக்குச் சொல்லும் அளவு. ஒரு வாரம் கூடிப்போனால் அடுத்த வாரம் குறைத்துக்கொள், அவ்வளவுதான்.

3. பிரியமாக நீட்டுகிறவரிடமும் வேண்டாம் என்று சொல்லப் பழகு. சுறா, கொம்பு மாதிரி மூக்கு நீண்ட மயில் மீன், தளபத்து வகைகள், பெருஞ்சூரை, இவற்றைப் பிள்ளை பிறக்கும்வரை தொடாதே. வஞ்சிரத்தை எங்கள் பக்கம் சீலா என்போம். அதுவும் வேட்டையாடும் மீன்தான். ஆசையாக இருந்தால் சின்ன மீனாகப் பார்த்து, வாரத்துக்கு ஒரு வேளைக்கு மேல் போகாமல் வைத்துக்கொள். களவாயும் அப்படியே. அந்த வாரம் வேறு மீனைக் குறைத்துவிடு. மீன் பற்றிச் சொல்வது எளிது. மாமியார் உனக்கென்றே ஆக்கி வைத்த சட்டியின் முன்னால் உட்கார்ந்துகொண்டு வேண்டாம் என்பதுதான் கடினம். வாயை மூடிக்கொண்டு தின்றுவிட்டு ராத்திரி அழுதவளையும் பார்த்திருக்கிறேன், முகத்தில் அடித்தாற்போலச் சொல்லிவிட்டு வருடக்கணக்கில் பேச்சு வார்த்தை இல்லாமல் போனவளையும் பார்த்திருக்கிறேன். அவர் சமைப்பதற்கு முன்னாலேயே நீ சொல். “அத்தை, உங்க கையால அயிலைக் குழம்பு வச்சுக் குடுங்க, அதுதான் எனக்கு ஆசையா இருக்கு” என்று கேட்டுப் பார். மறுப்பதைவிடக் கேட்பது எளிது. கேட்டதை ஆக்கிக் கொடுப்பதில் பெரியவர்களுக்கு ஒரு நிறைவும் இருக்கிறது.

4. உன் பங்கைக் கேட்டு வாங்கு. இதைச் சொல்லாமல் போனால் மற்றதெல்லாம் வீண். நடுத்துண்டு ஆண்களுக்கு, வாலும் தலையும் பிள்ளைகளுக்கு, கடைசியில் சட்டியை வழிக்கிறவளுக்குக் குழம்பு மட்டும் என்பதுதான் எத்தனையோ வீடுகளின் வழக்கம். வீடு வீடாகப் போய், “மீன் சாப்பிடுறியா?” என்று கேட்டால், “தினமும் மீன்தான்க்கா” என்பார்கள். “எத்தனை துண்டு?” என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்வார்கள். அதற்கப்புறம் நான் துண்டையே கேட்க ஆரம்பித்தேன். கணவன்மார் முன்னிலையிலேயே கேட்டேன். சிலருக்குக் கோபம் வந்தது. சிலர் மறுநாளே மனைவியையும் பக்கத்தில் உட்காரவைத்துச் சாப்பிட்டார்கள். அவர்களுக்குக் கெட்ட மனம் ஒன்றும் கிடையாது, யாரும் அதுவரை அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை என்பதுதான் விஷயம். குழம்பில் புளியும் உறைப்பும் இருக்கும், பிள்ளைக்கு வேண்டியது துண்டில் இருக்கிறது. எல்லாருக்கும் பரிமாறிவிட்டுத் தின்னும் பழக்கத்தை விட முடியாவிட்டால், சட்டியை இறக்கியதும் உன் பங்கைத் தனிக் கிண்ணத்தில் எடுத்து மூடி வை. அதில் சுயநலம் ஒன்றும் இல்லை.

5. மீன்காரம்மாவிடம் உண்மையாக இரு. “மீன்காரி முகத்தைப் பார்த்துட்டு அப்புறமா மீன் கண்ணைப் பாரு” என்பாள் என் அம்மா. நாலணாவுக்கு நாலு பேச்சுப் பேசி அவளை நோகடித்தால் நல்ல மீனை அவள் ஏன் உனக்கு எடுத்துத் தரவேண்டும்? ஒரே ஆளிடம் வாங்கு, மாசமாக இருப்பதைச் சொல். “இன்னைக்கு இது வேணாம் தாயி, நேத்து மீனு” என்று அம்மா எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியதைத் திண்ணையிலிருந்து பார்த்து வளர்ந்தவள் நான். நீயும் பார்க்கத் தெரிந்துகொள். கண் தெளிந்து புடைத்திருக்க வேண்டும். செவுளைத் தூக்கினால் சிவப்பாக இருக்க வேண்டும், பழுப்பும் கொழகொழப்பும் ஆகாது. விரலால் அழுத்தினால் பள்ளம் விழாமல் சதை திரும்பி எழவேண்டும். கடல் வாசம் இருக்கலாம், அமோனியா நெடி கூடாது. வெயிலில் ஐஸ் இல்லாமல் கிடந்தும் ஒரு வாசமும் இல்லாமல் விறைத்திருக்கும் மீனையும் வாங்காதே. 2018-இல் கேரளத்தில், கெடாமலிருக்க ஃபார்மலின் கலந்த மீனை டன் கணக்கில் பிடித்தார்கள். அதன் பிறகுதான் சாதாரண வீடுகளிலும் இந்தப் பேச்சு வந்தது.

சாளை, அயிலை, சூரை வாங்கும்போது இன்னும் கவனம். இவை ஐஸ் இல்லாமல் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் சேரும். பிறகு எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் அது அழியாது. தின்ற கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு அரித்து, தலை வலித்து, நெஞ்சு படபடக்கும். மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்று பலர் நினைத்துக்கொள்வது பல சமயம் இதைத்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த 61 நாளும் சந்தையில் தூரத்திலிருந்து வருகிற ஐஸ் மீன் அதிகமாக இருக்கும். நாட்டுப்படகு, வள்ளம் போகும், ஆகவே கரையில் இருந்தால் காலையில் இறங்கும் வள்ளத்து மீனைக் கேட்டு வாங்கு. கடலுக்குத் தூரமாக இருந்தால் உயிரோடு கிடைக்கும் விரால் உண்டு. அதுவும் கிடைக்கவில்லையா, அன்றைக்கு முட்டை சாப்பிடு.

6. அடுப்பின் முன் அவசரப்படாதே. மீன் கண்ணாடி நிறம் மாறி வெள்ளையாகி, கரண்டியால் தொட்டால் அடுக்கடுக்காகப் பிரிந்துவர வேண்டும். முள்ளை ஒட்டிய சதை இளஞ்சிவப்பாக இருந்தால் இன்னும் வேகவில்லை. இறால் சுருண்டு நிறம் மாறவேண்டும். வெளியூரில் வேலை பார்க்கிற பெண்கள் இப்போது சூஷி, புகையூட்டிய சால்மன் எல்லாம் சாப்பிடுகிறார்கள். உனக்கும் பிடிக்கும் என்று தெரியும். பச்சை மீனும், குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே தின்னும் புகை மீனும் இந்த மாதங்களில் வேண்டாம். லிஸ்டீரியா என்ற கிருமி குளிர்ப்பெட்டிக்குள்ளும் வளரும். கர்ப்பிணிகளுக்கு அது தொற்றும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பத்து மடங்கு. தாய்க்குச் சாதாரணக் காய்ச்சலாக வந்துபோய், கருச்சிதைவிலோ பிள்ளை இறந்து பிறப்பதிலோ முடியலாம். சூடு அதைக் கொன்றுவிடும். மீன் நறுக்கிய அருவாமனையையும் பலகையையும் கழுவாமல் அதிலேயே வெள்ளரிக்காய் நறுக்காதே.

7. நேற்று வைத்த மீன் குழம்பு. அதன் ருசி எனக்குத் தெரியாதா? புளி ஊறி, காரம் இறங்கி, மறுநாள் பழைய சோற்றுக்கு அதைப்போல் இன்னொன்று கிடையாது. வேண்டாம் என்று சொல்ல எனக்கே மனம் வரவில்லை. ராத்திரி முழுக்க அடுப்படியில் கிடந்த சட்டி மட்டும் ஆகாது. ஆக்கியதும் உன் பங்கைச் சின்னப் பாத்திரத்தில் மாற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்ப்பெட்டியில் வை. மறுநாள் அடியிலிருந்து நன்றாகக் கொதிக்கவிட்டுச் சாப்பிடு. கொஞ்சம் சூடுகாட்டி இறக்கினால் போதாது. மின்சாரம் போய்ப் போய் வந்த ராத்திரியென்றால் அந்தக் குழம்பை மறந்துவிடு.

8. மட்டி, சிப்பி வகையில் துணிச்சல் காட்டாதே. இவை தண்ணீரை வடிகட்டித் தின்னும் உயிர்கள். தண்ணீரில் என்ன கிடக்கிறதோ அது உள்ளே சேரும். சாக்கடையும் ஆலைக் கழிவும் கலக்கும் கழிமுகத்தில் எடுத்ததை வாங்காதே. எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பலும், 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்தது நம் கண்முன்னே நடந்தது. அங்கே வலை போட்டுப் பிழைக்கிறவர்களை நினைத்தால் வயிறு எரிகிறது, அவர்கள் செய்த குற்றம் ஒன்றுமில்லை. கடலில் சிலவகைப் பாசி பெருகும் நாளில் சிப்பிக்குள் சேரும் நஞ்சு வேகவைத்தாலும் போகாது. நல்ல இடத்திலிருந்து வந்தது என்று உறுதியாகத் தெரிந்தால், ஓடு தானாகத் திறக்கும்வரை வேகவைத்துத் தின்னு. திறக்காததைத் தூக்கிப் போடு. நஞ்சுள்ள பேத்தை மீனையும் யார் சுத்தம் செய்து கொடுத்தாலும் தொடாதே.

9. கருவாடு ஆசைக்கு மட்டும். மணலில் கொட்டிக் காயவைத்ததை விட்டுவிட்டு, பரணில் காயவைத்ததாகப் பார்த்து வாங்கி, வெந்நீரில் அலசி உப்பை இறக்கி நன்றாக வேகவை. இரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது என்று சொல்லிவிட்டார்களானால் கருவாட்டுப் பானை பக்கம் போகாதே.

10. மீன் ஈரலும் மீன் ஈரல் எண்ணெய் மாத்திரையும் வேண்டாம். வைட்டமின் ஏ அளவுக்கு மிஞ்சினால் பிள்ளையின் உறுப்புகள் உருவாவதிலேயே குறை வரலாம். பக்கத்து வீட்டுக்காரி தின்றாள் என்று எந்த மாத்திரையும் வாங்காதே, மருத்துவரைக் கேள்.

11. பழிச்சொல்லுக்கு அஞ்சாதே. நண்டு தின்றதால் கரு கலைந்தது என்று ஒருத்தியை ஊரே பேசியது. நன்றாக வெந்த நண்டு யார் கருவையும் கலைக்காது. முதல் மூன்று மாதத்தில் கலைவது பெரும்பாலும் கருவிலேயே இருக்கும் மரபணுக் கோளாறால். அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து இதைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவள் நம்பியபோது ஊர் வேறு பேச்சுக்குப் போயிருந்தது. மீனும் பாலும் சேர்ந்தால் பிள்ளைக்கு வெண்புள்ளி வரும் என்பதும் பொய்தான். இறாலோ நண்டோ தின்றால் உனக்கு முன்பே உடம்பு தடித்ததுண்டு என்றால் அது வேறு, அதை ஒதுக்கிவிடு.

12. மசக்கையில் உடம்பை வதைக்காதே. முதல் மூன்று மாதம் மீன் வாடை பட்டாலே குமட்டும். மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்க வேண்டியதில்லை. அந்த நேரத்தில் மீன் இல்லாமலே போகலாம். குமட்டல் அடங்கியபின் வறுத்த நெத்திலியிலிருந்து ஆரம்பி, வாடை குறைவு. கடைசி மூன்று மாதத்தில்தான் மீன் மிக முக்கியம், அதற்குள் பசி வந்துவிடும்.

13. தெரியாமல் தின்றதற்குக் கலங்காதே. மாசமாக இருப்பது தெரிவதற்கு முன் கல்யாண வீட்டில் சுறாப்புட்டு தின்றேன் என்று அழுதுகொண்டு வருவார்கள். ஒரு வேளைச் சுறா ஒரு பிள்ளையைக் கெடுத்துவிடாது. உடம்பில் சேர்ந்த மெதில் பாதரசம் பாதியாகக் குறையவே ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகும். அதனால் வாராவாரம் தின்பதுதான் கேடு. இன்றிலிருந்து நிறுத்தினால் இன்றிலிருந்தே குறையும். ஆனால் மீன் தின்ற பிறகு காய்ச்சல், நிற்காத வாந்தி பேதி, உதடு மரத்துப்போவது, மூச்சுத் திணறல், பிள்ளையின் அசைவு குறைவது, இதில் எது வந்தாலும் கஷாயம் வைத்துக்கொண்டு வீட்டில் இராதே. 108-ஐக் கூப்பிடு. என்ன தின்றாய், எப்போது தின்றாய் என்பதை மறைக்காமல் சொல்.

14. பிள்ளை பெற்றபிறகும் இதை மறந்துவிடாதே. பால் ஊறவேண்டும் என்று சுறாப்புட்டு செய்து தருவார்கள். பால் ஊறுவது பிள்ளை அடிக்கடி சப்புவதால்தான். நீ வயிறாரச் சாப்பிட்டு, தாகம் தீரத் தண்ணீர் குடித்தால் போதும். பாதரசம் தாய்ப்பாலிலும் கொஞ்சம் இறங்கும். குட்டிப் பால்சுறாவில் பெரிய சுறாவைவிடக் குறைவாகத்தான் இருக்கும். ஆனாலும் தினமும் அதையே தின்பது வேண்டாம். புட்டுதான் வேண்டுமென்றால் சின்னப் பாரையை மஞ்சள் போட்டு வேகவைத்து, தோலும் முள்ளும் நீக்கி உதிர்த்து, ஒட்டப் பிழிந்துகொள். நல்லெண்ணெயில் சின்ன வெங்காயமும் பூண்டும் நிறையப் போட்டு வதக்கி, மிளகு தட்டிப் போட்டு, உதிர்த்த மீனைக் கொட்டி ஈரம் வற்றும்வரை கிளறு. பூண்டு வாசத்தில் அது சுறாவா பாரையா என்று உன் மாமியாருக்கே தெரியாது. பிள்ளைக்கு ஆறு மாதம் முடிந்ததும் அதே பாரையைக் காரமும் உப்பும் இல்லாமல் வேகவைத்து, உன் விரலாலேயே முள் தடவிப் பார்த்து, சோற்றோடு மசித்து ஒரு வாய் கொடு.